முதல் மாதச் சிவப்பு

பதினான்கு கட்டடங்களில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியில், எந்தக் கட்டடத்தில் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. தெரியவில்லையே என்று யாருக்கும் தூக்கம் கெட்டதும் கிடையாது. பெரிய முதலாளி செத்து, கம்பெனி மகள் கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வியே எழுந்தது. எல்லோரும் முதலாளியம்மா என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

கேள்விக்குப் பதிலாக ஒரு திட்ட அலுவலகம் திறந்தார்கள். இரும்புக் கயிற்றுச் சுருள்கள் அடுக்கியிருந்த பின்னறையைக் காலி செய்து, இரண்டு மேஜையும் ஒரு வெள்ளைப் பலகையும் போட்டார்கள். எத்தனை தடவை கழுவியும் தரையில் கிரீஸ் வாடை போகவில்லை. அதுவரை கொள்முதல் பிரிவில் ஆணியும் போல்ட்டும் வாங்கிக்கொண்டிருந்தவனை, மூன்று வாரம் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்தான் என்பதற்காக, அந்த அறைக்குத் தலைவன் ஆக்கினார்கள். அவனுக்குக் கீழே ஒரே ஓர் ஆள். பன்னிரண்டு வருடம் ரிசப்ஷனில் போன் எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி. கம்பெனி முழுக்க அவர் அக்காதான்.

பத்தே நாளில் அவனுக்கு சிக்னல் என்று பேர் விழுந்துவிட்டது. காரணம் அவன் போட்ட விதி. ஒவ்வொரு கட்டடத்தின் பொறுப்பாளரும் திங்கள்கிழமை காலையில் ஒரே ஒரு பக்கம் கொடுக்க வேண்டும். மேலே ஒரு வட்டம். வேலை ஒழுங்காகப் போனால் பச்சை, இழுத்தால் மஞ்சள், சிக்கிக்கொண்டால் சிவப்பு. கீழே கையெழுத்து. இரண்டாவது விதியும் அவனுடையதுதான். இனிமேல் வேலை விஷயமாக யாரும் நேரே முதலாளியம்மா அறைக்குப் போகக் கூடாது. எல்லாச் செய்தியும் திட்ட அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். இதற்கு ஒரே வாசல் என்று பேர் வைத்து, பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினான்.

முதல் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னான்: "சிவப்பு போட்டா தண்டனைன்னு நினைக்காதீங்க. சிவப்புன்னா உதவி வேணும்னு அர்த்தம். அவ்வளவுதான்."

அதைச் சொன்னபோது அவன் நம்பித்தான் சொன்னான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் திங்கள்கிழமை பதினான்கு பக்கங்கள் வந்தன. பதினொன்று பச்சை, மூன்று மஞ்சள். சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. வணிக வளாகத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போட்ட வட்டம், பேனாவை அழுத்தி அழுத்தித் தீட்டிய அடர்பச்சை. எந்தப் பேச்சையும் "எல்லாம் சுபம்" என்று முடிப்பதால் அவருக்கு சுபம் என்றே பேர். அவருடைய லிஃப்ட் குழியில் இரண்டு மாதமாக இடுப்பளவு தண்ணீர் நின்றது.

"குழியில தண்ணி நிக்குதே சார்?" என்றான் சிக்னல்.

"வத்திடும்."

"எப்ப?"

"தண்ணின்னா வத்தித்தானே ஆகணும்? எல்லாம் சுபம்." சுபம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா பக்கங்களை அடுக்கியபடியே சொன்னார். "ரிசப்ஷன்ல போன்ல பொய் சொல்வாங்க சார். இங்க கலர்ல சொல்றாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு."

முதலாளியம்மா பதினான்கு பக்கங்களையும் ஒரு நிமிடத்தில் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் நல்லாப் போகுதுன்னா உங்க ஆபீஸ் எதுக்கு?"

சிக்னல் பக்கங்களை அடுக்கிச் சேர்த்தான்.

"மூணு மாசம் எடுத்துக்கங்க. இது வந்ததால என்ன மாறிச்சுன்னு எனக்குக் காட்டுங்க. இல்லேன்னா கயித்தைத் திரும்ப அங்கயே வச்சுக்கலாம்."

கொள்முதல் பிரிவில் அவனுடைய நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இந்த அறை போனால் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

மஞ்சள் போட்ட மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டான். கதவைச் சாத்தி, டீ வரவழைத்து, "நமக்குள்ளதான், மனசு விட்டுப் பேசுங்க" என்றான். மூன்று பேருமே நல்லவர்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் போலக் கொட்டித் தீர்த்தார்கள். ஒருவருக்கு லிஃப்ட் ஏறி இறங்குகிற வழிகாட்டித் தண்டவாளங்கள் வளைந்து வந்திருந்தன. இன்னொருவருக்கு ஆளே போதவில்லை. மூன்றாமவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் சார் மூச்சு வருது" என்றார். மூன்றும் சிவப்பாயின.

ஆனால் சிக்னலுக்கு அது போதவில்லை. இந்த மூன்றும் உண்மையான சிவப்பு. மூன்று மாதத்தில் பச்சையாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிவப்பில் ஆரம்பித்துக் கண்டிப்பாகப் பச்சையில் முடிகிற வேலை ஒன்றாவது அவனுக்கு வேண்டும். அப்படி ஒரு வேலை இருக்க வேண்டுமென்றால் அது இப்போதே பச்சையாக இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தபோது தன் மூளையை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்தக் கம்பெனியில் உண்மையிலேயே பச்சையாக இருந்த ஒரே வேலை ஆஸ்பத்திரி. ஆறு லிஃப்ட். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவனுடைய தங்கை புருஷன்.

இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. மேல்மாடி அவனுக்கு, கீழ்மாடி தங்கைக்கு. சாயங்காலம் வேலை முடிந்து வந்த மாப்பிள்ளையைப் படிக்கட்டிலேயே மடக்கினான்.

"மாப்ளே, ஒரு உதவி."

"நீங்க உதவின்னு ஆரம்பிச்சாலே எனக்கு இடுப்பு வலிக்குது மச்சான். போன தடவை உங்க பீரோவைத் தூக்கினது இன்னும் சரியாகல."

"இதுல தூக்க ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி வேலையைச் சிவப்புன்னு போடுங்க."

மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆறுல நாலு ஓடுது. நேத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே ஏறிப் பார்த்துட்டு, தூக்கம் வருதுப்பா இதுலன்னு சொன்னாங்க. எதைப் பார்த்துச் சிவப்பு?"

"அதனாலதான் உங்ககிட்ட வர்றேன். மத்தவனோட சிவப்பு சிவப்பாவே நின்னுடும். உங்களோடது ரெண்டு மாசத்துல தானாப் பச்சையாகிடும். ஆபீஸ் வந்துச்சு, வேலை திருந்திச்சுன்னு காட்ட எனக்கு ஒண்ணு வேணும் மாப்ளே."

"நல்லா ஓடி விளையாடற பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு, நீங்க மருந்து குடுத்துப் பொழைக்க வச்சதாப் பேர் வாங்கப் போறீங்க."

"அதேதான்."

மாப்பிள்ளை சிரித்தார். சுலபமாகச் சிரிக்கிற மனிதர். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"நான் இருக்கேன்ல?"

ஏற்கெனவே வந்திருந்த பச்சைப் பக்கத்தை, சரிபார்க்கவும் என்று எழுதி, சிக்னல் அக்கா மூலமாகத் திருப்பி அனுப்பினான். மறுநாள் சிவப்பு வட்டத்தோடு புதுப் பக்கம் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மாப்பிள்ளை போன் போட்டுக் கேட்டதால், 'ஒருங்கிணைப்புக் குறைவு, கால அட்டவணை கைமீறியுள்ளது' என்று இவனே சொல்லச் சொல்ல அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜையில் நான்கு சிவப்புப் பக்கங்களும் வரிசையாக இருந்தன.

"ரொம்ப உபயோகமா இருந்துச்சு இது," என்றார். "புது ஆர்டர் குறைஞ்சுபோச்சு, தெரியும்ல? பொறுப்பாளர்ல நாலு பேரைக் குறைக்கணும். யாரைக் குறைக்கறதுன்னு ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நாலு ஆள் வேணும். நாலு சிவப்பு. நீங்க வேலையைச் சுலபமாக்கிட்டீங்க."

"மேடம், சிவப்புன்னா தண்டனை இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம்..."

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லலையே."

மூன்று பேரும் மதியத்துக்கு முன்பே போய்விட்டார்கள். மூச்சு வருகிறது என்று சொன்னவர் மட்டும் பின்னறைக்கு வந்து, தன் ஹெல்மெட்டை சிக்னலின் மேஜைமேல் வைத்தார். "உதவி வந்துடுச்சு சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாள் முழுக்க அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

மாப்பிள்ளை அவர்களைப் போல் பேசாமல் போகிற ஆளில்லை. நேரே முதலாளியம்மா அறைக்குப் போனார். ஒரே வாசல் என்று சொல்லி வெளியே நிறுத்தினார்கள். சிக்னல் வந்து கூட்டிப்போனால்தான் உள்ளே போகலாம். அவன் போனான். இரண்டு பேரும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

"மேடம், ஆஸ்பத்திரி வேலையில ஒரு குறையும் இல்ல," என்றார் மாப்பிள்ளை. "நீங்களே வந்து பாருங்க. இன்னிக்கே வாங்க."

முதலாளியம்மா பக்கத்தை அவர் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான்."

"கால அட்டவணை கைமீறிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது உண்மைன்னா நீங்க வேலைக்கு லாயக்கில்ல. பொய்னா கம்பெனிக்குப் பொய் எழுதிக் குடுத்திருக்கீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை தலையைத் திருப்பி சிக்னலைப் பார்த்தார். "மச்சான், நீங்க சொல்லுங்க."

ஆபீசில் அதுவரை ஒருநாளும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சார் என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சானா?" என்றார் முதலாளியம்மா.

அந்த இடத்தில் சிக்னலுக்கு ஒரு நொடிதான் இருந்தது. அந்த ஒரு நொடியில் அவனுக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, நான்தான் மேடம் போடச் சொன்னேன் என்பது. மாப்பிள்ளை பிழைத்துக்கொள்வார். இவனும் அறையும் போய்விடும். இன்னொன்று அதைவிட அழகாக இருந்தது. கேட்பதற்கு நேர்மைபோலவே இருந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் மேடம். அதனாலதான் இந்த விஷயத்துல நான் வாயைத் திறக்கறதில்லன்னு இருக்கேன். நான் எது பேசினாலும் சொந்தத்துக்குப் பேசறேன்னு ஆகிடும்."

முதலாளியம்மா அவனை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். "சொந்தக்காரருக்கே சிவப்பு போட்டு மேல அனுப்பியிருக்கீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

"இப்படி எழுதச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

மாப்பிள்ளை இன்னும் சிக்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாரும் இல்ல மேடம். நானாத்தான் எழுதினேன்," என்றார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து சிக்னலின் முன்னால் வைத்தார். ஆஸ்பத்திரியின் பழைய பக்கம். பச்சை வட்டம். ஓரத்தில் இவன் கையால் எழுதிய 'சரிபார்க்கவும்'.

"ஃபைல்லயே இருந்துச்சு. இதைக் கொண்டுபோய்க் காட்டினா ஒரு நிமிஷ வேலை சார். அவர் மொதல்ல உண்மையைத்தான் எழுதியிருக்கார்னு தெரிஞ்சிடும்."

அவன் அதைக் கையில் எடுக்கவில்லை. "பழைய பிரதியெல்லாம் வச்சுக்கக் கூடாது அக்கா. கடைசியா வந்தது மட்டும்தான் பதிவு. அதுதான் விதி."

"எப்ப போட்ட விதி?"

"இன்னிக்கு."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு. திரும்பப் போய் ஹலோ ஹலோன்னு கத்த முடியாது," என்றார். பையை எடுத்துக்கொண்டு போகும்போது கதவருகே நின்று, "நானாவது வேத்து ஆள்," என்றார்.

ஆஸ்பத்திரி வேலையை சுபத்திடம் கொடுத்தார்கள். அவருடைய குழியில் இன்னும் தண்ணீர் நின்றது, அவருடைய வட்டம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரே ஒரு நாள் போனார். மாப்பிள்ளை போவதற்குள் ஓடவிட்டிருந்த ஆறு லிஃப்ட்டிலும் ஏறி இறங்கினார். கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன, தளத்துக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லை. வெளியே வந்து, காவலாளியிடம் பேனா வாங்கி, பச்சை வட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் முடிந்து ஆய்வுக் கூட்டம் நடந்தது. சிக்னல் திரையில் ஒரே ஒரு படம்தான் காட்டினான். இடப்பக்கம் சிவப்பு வட்டம், வலப்பக்கம் பச்சை வட்டம், நடுவில் ஐந்து வாரம் என்று எழுதிய அம்புக்குறி. தலையிட்டோம், பொறுப்பாளரை மாற்றினோம், வேலை மீண்டது என்று மூன்று வரி பேசினான். சுபம்தான் முதலில் கை தட்டினார். திட்ட அலுவலகம் நிரந்தரமாயிற்று. கூட இரண்டு ஆள் கொடுத்தார்கள். சுவருக்குப் புது வண்ணம் அடித்து, கிரீஸ் வாடை போகத் தரையையும் மாற்றினார்கள். அந்த வருடம் அதற்குப் பிறகு சிவப்பு என்று ஒரு பக்கம்கூட வரவில்லை. அதையும் முன்னேற்றம் என்றே எழுதிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை இரண்டு கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனார். லிஃப்ட் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஆஸ்பத்திரி வேலையைக் குட்டிச்சுவராக்கியவர் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில், ஓடுகிற லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் விடுகிற கூலி வேலை கிடைத்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவர் தொழிலுக்கு வந்தபோது செய்த வேலை.

ஒரு சாயங்காலம் படிக்கட்டில் சிக்னலை நிறுத்தினார். கைநகமெல்லாம் கறுத்திருந்தது.

"வேலை போனது போகட்டும் மச்சான். அதை நான் பார்த்துக்கறேன். உங்களையும் இழுத்துவிட்டா ரெண்டு அடுப்பும் அணைஞ்சிடுமேன்னுதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன்."

சிக்னல் சுவரைப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க தங்கச்சிகிட்ட மட்டும் நடந்ததைச் சொல்லிடுங்க. நான் வேலையைக் கெடுத்துட்டேன்னு நினைக்கறா. மூணு மாசமா என்னைத் துரும்பாப் பாக்கறா. நான் சொன்னா சப்பைக்கட்டுன்னுதான் நினைப்பா. உங்க மேல பழி போடறேன்னு நினைப்பா. நீங்க சொன்னா நம்புவா. வேற யாருக்கும் தெரிய வேணாம்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன் மாப்ளே," என்றான் சிக்னல். "நானே சொல்றேன்."

சொல்லத்தான் போனான். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று சனிக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். ஞாயிறு மதியம் கீழே இறங்கினான். தங்கை கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சட்டை மாற்றி, தலையெல்லாம் வாரி, முக்கியமான விருந்தாளிக்குக் காத்திருந்தவர் போல இருந்தார்.

"அம்மாடி, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்," என்று ஆரம்பித்தான்.

"நீ பேச வேணாம் அண்ணா. நான் பேசணும்." அவள் கண் கலங்கிவிட்டது. "இவரால உனக்கு எவ்வளவு தலைகுனிவு. சொந்தக்காரன்னு பார்க்காம நீ நியாயமா நடந்துக்கிட்டேன்னு உங்க ஆபீஸ் அக்கா வீட்டுக்காரர் கடையில சொன்னாராம். எனக்கு உள்ளுக்குள்ள கூசிப்போச்சு. நீ எப்படி அன்னிக்கு அந்த அம்மா முன்னாடி நின்னியோ."

மாப்பிள்ளை சிக்னலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க மேல கோபம் இல்லையே அண்ணா?"

ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றுகூட மறக்கவில்லை. தங்கையின் முகத்தை அவன் பார்த்தான். அதில் இருந்தது தன்மேல் உள்ள மரியாதை. இந்த மூன்று மாதத்தில் கம்பெனியில் கிடைத்த எதைக் காட்டிலும் அது நன்றாக இருந்தது. விட மனசு வரவில்லை.

"விடும்மா," என்றான். "தப்பு யாருக்கும் வர்றதுதான். நான் அன்னிக்கே மறந்துட்டேன்."

ஜன்னல் பக்கம் ஸ்டூல் லேசாக நகர்ந்தது.

"பார்த்தீங்களா?" தங்கை புருஷன் பக்கம் திரும்பினாள். "இப்படி ஒரு மனுஷன். ஒரு தடவையாவது அவர்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கீங்களா? கேளுங்க, இப்பக் கேளுங்க."

மாப்பிள்ளை இரண்டடி முன்னால் வந்தார். "மன்னிச்சிடுங்க மச்சான்," என்றார்.

குத்திக் காட்டுகிறாரோ என்று சிக்னல் அவர் முகத்தைத் தேடினான். குத்தல் இல்லை, கோபமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"பரவால்ல மாப்ளே," என்றான்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாடு எடுத்துவைத்தாள். மாப்பிள்ளை பசிக்கவில்லை என்று வெளியே போய்விட்டார். அவர் படியில் இறங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. சிக்னலுக்கு நல்ல பசி. காலையிலிருந்து பதற்றத்தில் ஒன்றும் இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அண்ணா?"

"வை," என்றான்.